பதினான்காவது பாட்டில்

பிப்ரவரி 5, திங்கள்

தலைமை அலுவலக மேடத்துக்குப் போகிற அறிக்கை ஆங்கிலத்தில், கட்டம் போட்ட தாளில். கட்டத்தில் அடங்காததற்கு இந்த நோட்டு. ரூபன் சார் கொடுத்த யோசனை. "உனக்கு வாய் நீளம் தணிகை. மெயில்ல எழுதித் தொலைக்காத. தனியா ஒரு நோட்டுல எழுதி மூடி வை" என்றார். அவர் எங்கள் தொண்டு நிறுவனத்தின் மாவட்டப் பொறுப்பாளர். நான் களப்பணியாளர். கெமிக்கலில் டிப்ளமா. பதினோரு ஊர்களில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், சோதித்ததை ஜனங்களுக்குப் புரியவைக்க வேண்டும். முதலாவது சுலபம்.

டிசம்பரில் சொந்த ஊரிலேயே பேனா வகுப்பு எடுத்தேன். பேனா என்றால் உப்பு மீட்டர். தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். ஐந்நூறுக்குக் கீழே நல்ல தண்ணீர். இரண்டாயிரத்துக்கு மேலே வாயில் வைக்காதே. இதை நான்கு தெருவில் நாற்பது முறை சொன்னேன். முக்கி முக்கிக் காட்டினேன். ஊர் போர்வெல் 2340. பள்ளிக்கூடக் குழாய் 2110. காலனி அடிபம்பு 1980. காலனியில் எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கிற கிணறு 412.

யார் காதிலும் ஏறவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இன்று காலை ஊர்த் தெருவிலிருந்து மூன்று பெண்கள் குடத்தோடு காலனிக்குள் வந்தார்கள். எனக்கு இருபத்தாறு வயது. ஊர்க் குடம் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அவரவர் கயிறு, அவரவர் வாளி கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் கயிற்றைத் தொடவில்லை.

குடம்: 11. சும்மா எண்ணினேன்.

பிப்ரவரி 8, வியாழன்

பைக் செயின் தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் கழன்று விழுகிறது. நாற்பது பாட்டில் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.

பால் சொசைட்டி பெருமாளின் மனைவி கோவிந்தம்மா இன்று வந்தார். ஊர்த் தெருவுக்கு நாங்கள் கொடுத்த பேனா அவர் வசம்தான் இருக்கிறது. தாலிச் சரடைப் பத்திரப்படுத்துகிற மாதிரி ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்தார். முக்கினார்.

"நானூத்திப் பன்னெண்டு! அடி பச்சையம்மா, உங்கெணத்துக்கு வந்த வாழ்வப் பாரேன்."

அம்மா அவரைவிட ஏழு வயது மூத்தவள்.

"எல்லாம் எம்புள்ள சொன்னதும்மா" என்றாள் அம்மா.

"உம்புள்ள சொன்னா எவன் கேட்டான்? பேனா சொல்லுது."

கூட அவர் மகள் சுகந்தி. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. ஆறு மாதம். தலைப்பிரசவத்துக்குச் சீக்கிரமே தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷனுக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. வாளியிலிருந்து இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள். "பச்சையம்மா, சக்கர போட்ட மாதிரி கீது" என்றாள். தாயும் மகளும் அம்மாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எப்போதும் அப்படித்தான்.

குடம்: 19.

பிப்ரவரி 14, புதன்

கோவிந்தம்மா இன்று கயிறு கொண்டுவரவில்லை. எங்கள் கயிற்றில் இறைத்தார்.

குடம்: 33.

பிப்ரவரி 16, வெள்ளி

மேடம் போனில் பாராட்டினார். "மக்கள் நடத்தையில் மாற்றம்" என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதச் சொன்னார். எழுதினேன். போட்டோவும் கேட்டார். கிணற்றடியில் நிற்கிற வரிசையை எடுத்தேன். அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள். போட்டோவில் அவள் பாதிதான் விழுந்திருக்கிறாள்.

நைனா கட்டிலில் உட்கார்ந்து வரிசையை அதட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, குடத்த ஓரமா வை, மேட மேல இடிக்காத. அது நான் போட்ட மேட." கிணறு அவரும் சித்தப்பாக்களும் தோண்டியது. நான் பிறந்த வருஷம்.

குடம்: 38.

பிப்ரவரி 19, திங்கள்

மேடம் புதுப் பெட்டி அனுப்பியிருக்கிறார். குரோமியம் பார்க்கிற பெட்டி. ஊருக்கு மேற்கே மேட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி இருந்தது. பூட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கழிவு மட்டும் கரடு மாதிரி குவிந்து கிடக்கிறது. மழையில் அது கரைந்து எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

உப்புப் பேனா இதைக் காட்டாது. ஆளைக் கெடுக்க இது துளி போதும். அந்தத் துளியில் பேனாவின் எண் அசையாது. பெட்டிச் சோதனை வேறு மாதிரி. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர், இரண்டு சொட்டு அமிலம், ஒரு பொட்டலம் பொடி, பத்து நிமிடம். சுத்தமென்றால் நிறம் இல்லை. விஷம் இருந்தால் ஊதா. எவ்வளவு ஊதாவோ அவ்வளவு விஷம்.

பதின்மூன்று இடத்தில் பாட்டில் பிடித்தேன். குவியலுக்கு அடியில் ஓடுகிற ஓடை மட்டும் ஊதா. மற்ற பன்னிரண்டும் ஒன்றுமில்லை. நிறத்தை ஒப்பிட ஒரு சுத்தத் தண்ணீர் வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் கேன் தீர்ந்துவிட்டது. வாங்கப் பதினெட்டு கிலோமீட்டர் போக வேண்டும், செயின் வேறு இந்த லட்சணம். வீட்டுக் கிணற்றில் ஒரு பாட்டில் மொண்டுகொண்டேன். பதினான்காவது பாட்டில்.

ஊதாவாகிவிட்டது.

குழாயைச் சரியாகக் கழுவவில்லை. அவசரப்பட்டால் இப்படித்தான். நாளை மறுபடி.

குடம்: 44.

பிப்ரவரி 20, செவ்வாய்

பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவந்தேன். புதுக் குழாய் நான்கு. நான்கு முறை. நான்கும் ஊதா. டிஸ்டில்டு வாட்டர் நிறமில்லை. ஆக, குழாயில் தப்பில்லை.

நிற அட்டையில் 0.3க்கும் 0.5க்கும் நடுவில் வருகிறது. அனுமதி 0.05.

லேபுக்கு ஒரு பாட்டில் கூரியர் செய்தேன். ரூபன் சாருக்குப் போன்.

"ஓடை போக இன்னும் ஒரு சாம்பிள் ஊதாவா வந்திருக்கு சார். பதினாலு."

"லேப் ரிப்போர்ட் வராம வாயத் திறக்காத. பெட்டி டெஸ்ட்ட வெச்சி ஊரக் கலக்கிடாத. பத்துப் பன்னெண்டு நாள்தான?"

எந்தக் கிணறு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

முறை என்று ஒன்று இருக்கிறது. முறைப்படி காத்திருக்கிறேன்.

குடம்: 47.

பிப்ரவரி 22, வியாழன்

இருபது லிட்டர் கேன் ஒன்று வாங்கிப் போட்டேன். அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"எதுக்குடா இது?"

"கொஞ்ச நாளைக்கு இதக் குடிம்மா. எனக்கு வயிறு சரியில்ல."

"உனக்கு வயிறு சரியில்லன்னா நான் எதுக்குக் குடிக்கணும்? ஊரே எங்கெணத்த குடிக்குது. நான் கேன் தண்ணி குடிச்சா அதுங்க இன்னா நெனைக்கும்?"

"நெனைச்சிட்டுப் போவட்டும்."

"போடா. படிச்சவன் பேச்ச பாரு."

சொம்பில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு நின்றபடி குடித்தாள். நானும் அதில்தான் குடித்தேன். கேன் சீல் உடையாமல் மூலையில் இருக்கிறது. நைனா அதன்மேல் ரேடியோவை வைத்துவிட்டார்.

குடம்: 49. சுகந்தி இரண்டு தடவை வந்தாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கணக்கு இடித்தது. கழிவுக் குவியல் மேற்கே. எங்கள் கிணறு வடகிழக்கே. நடுவில் ஐந்து கிணறு, ஐந்தும் சுத்தம். நிலத்தின் சாய்வும் இந்தப் பக்கம் இல்லை, ஆற்றுப் பக்கம். ஐந்து கிணற்றைத் தாண்டிக் குதித்து விஷம் எங்கள் வீட்டுக்கு மட்டும் வராது. பக்கத்தில்தான் ஏதோ இருக்க வேண்டும்.

மதியம் நைனா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வித்தை காட்டிக்கொண்டிருந்தார். நைலான் நூலை ஒரு மூக்குத் துளையில் விட்டு இன்னொரு துளையில் இழுப்பார். மூக்குக்கு நடுவில் இருக்கிற தடுப்பில் அவருக்கு ஓட்டை. கம்பெனியில் பதினாலு வருஷம் மூட்டை தூக்கியவர். "பொம்பளைங்களுக்கு வெளியில குத்துவாங்க, எங்களுக்கு உள்ள. கம்பெனியே குத்தி அனுப்புச்சி" என்பார். சின்ன வயதில் நானும் கைதட்டிச் சிரித்திருக்கிறேன். அவரோடு மூட்டை தூக்கிய எல்லோருக்கும் அந்த ஓட்டை உண்டு. குரோமியத் தூசி மூக்குத் தடுப்பை அரித்து ஓட்டை போடும் என்று கல்லூரியில் இரண்டாம் வருஷப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த வரியைப் படித்த அன்று என்ன செய்தேன் என்று நினைவில்லை. பரீட்சை எழுதினேன்.

பிள்ளைகள் போனதும் கேட்டேன்.

"நைனா, கெணத்து மேட எதுல போட்டது?"

"சிமெண்ட்டு."

"அடியில?"

"கம்பெனி மண்ணு. வேலக்காரனுக்குச் சும்மா குடுத்தான். எடுத்துக்கினு போங்கடான்னான். ரெண்டு டிராக்டர் அடிச்சேன். இங்கல்லாம் சேறு, கால் வெச்சா முட்டி வரைக்கும் எறங்கும். அத கொட்டி இடிச்சி வுட்டேன் பாரு, பாறை மாதிரி நின்னுச்சி. இன்னிக்கும் அசையுதா?"

"வேற எங்கயாவது கொட்டுனீங்களா?"

"மத்தவனுக்கு டிராக்டர் கெடைக்கல. நான் மேஸ்திரியப் புடிச்சி வாங்குனேன்" என்றார். இன்னமும் அதில் அவருக்குப் பெருமைதான்.

குடம்: 50.

பிப்ரவரி 26, திங்கள்

மேடை விரிசல்களில் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பூக்கும். சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். பூசாத மஞ்சள் தானாகப் பூக்கிறது, அம்மன் குடியிருக்கிற கிணறு என்று அம்மா அதற்கு வெள்ளிக்கிழமை குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவாள். ஊர்ப் பெண்களும் இப்போது தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வாளியை விடுகிறார்கள்.

விடிந்ததும் ஒரு துண்டு சுரண்டித் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு எடுத்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை. பொடி விழுந்த நொடியே கறுத்த ஊதா. நாவல்பழம் மாதிரி.

கை கழுவினேன். எதில் கழுவினேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

பைக் செயின் மாற்றினேன். குடம்: 52.

மார்ச் 1, வெள்ளி

கோவிந்தம்மா குங்குமச் சிமிழோடு வந்தார். சுகந்திக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. ஊரில் விசேஷம் என்றால் எங்களுக்குத் தெரு முனையில் நின்று குரல் கொடுப்பார்கள். விசேஷம் முடிந்து பின்வாசலில் சாப்பாடு. இவர் வாசற்படி ஏறி உள்ளே வந்தார். அம்மா நெற்றியில் குங்குமம் வைத்தார்.

"பச்சையக்கா, காலைல நேரத்தோட வந்துடு. நீயும் வளையல் போடணும். உன் தண்ணி குடிச்சி வளர்ற புள்ள."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நான் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுந்தேன். "எம்மா, தண்ணி விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் தணிகை. அஞ்சு சாதமும் இந்தத் தண்ணியிலதான். பன்னெண்டு கொடம் வேணும். சனிக்கெழம சாயங்காலமே எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க" என்றாள் அம்மா.

"நீ இன்னா சொல்ல வந்த?" என்று கோவிந்தம்மா என்னைக் கேட்டார்.

"பேனாவுக்கு பேட்டரி மாத்தணும்" என்றேன்.

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. வராமல் சொல்லக் கூடாது.

மார்ச் 2, சனி

வேலை இல்லை. மெயில் பார்க்கவில்லை. பன்னிரண்டு குடம் போயிற்று. இரண்டை நான் தூக்கிக் கொடுத்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

வளைகாப்பு.

அம்மா, எனக்கு வேலை கிடைத்தபோது வாங்கிய பச்சைப் புடவை கட்டினாள். நைனா வரவில்லை. "பழக்கமில்லாத எடத்துல எனக்குச் சோறு எறங்காது" என்றார்.

பெருமாள் வீட்டு முற்றத்தில் பந்தல். சுகந்தியை மனையில் உட்காரவைத்திருந்தார்கள். ஏழாவதாக அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா சந்தனம் தடவும்போது விரல் நழுவி, சந்தனம் சுகந்தியின் காதில் பட்டுவிட்டது. "காதுக்கும் சேத்துத் தடவுறியாக்கா?" என்று சுகந்தி சிரித்தாள். அக்கா என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா பச்சை வளையல் இரண்டு போட்டாள்.

பந்தி. அம்மாவை முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். அவளுக்கு இந்தப் பக்கம் துலுக்காணத்தின் மனைவி. துலுக்காணம் முன்னாள் வார்டு மெம்பர். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது காலனிப் பிள்ளைகள் அவர் வீட்டு போர் குழாயைத் தொட்டதற்கு ஆள் வைத்துக் குழாயைக் கழற்றியவர். புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். நானும் சாப்பிட்டேன். எனக்கு எதிரே சுகந்தி. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தாள். மூன்றாவது பாதி.

திரும்பி வரும்போது அம்மா தெருவில் மெதுவாக நடந்தாள். வேகமாக நடப்பவள். "இன்னாம்மா, கால் வலியா?" என்றேன். "இல்லடா. சும்மாதான்" என்றாள்.

குடம்: 61. அந்தப் பன்னிரண்டு சேர்க்காமல்.

மார்ச் 4, திங்கள்

லேப் ரிப்போர்ட். மாதிரி 14: 0.41. அனுமதி 0.05. எட்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல்.

ரூபன் சாரைக் கூப்பிட்டு எந்தக் கிணறு என்று சொன்னேன்.  "நாளைக்கு சாயங்காலம் பள்ளிக்கூடத்துல கூட்டம் போடு. நானும் வர்றேன்" என்றார். பிறகு, "மெயில் எப்ப வந்துச்சி?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை 10.40க்கு வந்திருக்கிறது. நான் திறக்கவில்லை.

இன்றும் குடம் போய்க்கொண்டிருந்தது. எண்ணவில்லை.

ராத்திரி அம்மாவிடமும் நைனாவிடமும் சொன்னேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "அந்தப் பொண்ணு..." என்றாள். பிறகு கழுவினாள். நைனா, "கம்பெனி மண்ணுலயா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

பள்ளிக்கூட மைதானம். ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் நூறு பேருக்கு மேல். டிசம்பரில் பேனா வகுப்புக்கு இருபது பேர்தான் வந்தார்கள்.

மேசைமேல் இரண்டு குழாய் வைத்தேன். ஒன்றில் ஊர் போர் தண்ணீர், பேனாவில் 2340. இன்னொன்றில் எங்கள் கிணறு, 412. கோவிந்தம்மா பேனாவைக் கொண்டுவந்து அவரே முக்கி எண்ணைப் படித்தார். பிறகு அமிலமும் பொடியும் போட்டேன். பத்து நிமிடம் பேச வேண்டும். பேசினேன். பேனா உப்பை மட்டும்தான் பார்க்கும் என்பதை டிசம்பரில் நான் சொல்லவில்லை. சொன்னால் குழப்பம் வரும், ஒரே எண்ணாகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்று விட்டேன். அதையும் சொன்னேன். குறைந்த எண் என்றால் நல்ல தண்ணீர் என்று சொல்லிக்கொடுத்தது நான். அது தப்பு.

எங்கள் குழாய் ஊதாவாகியிருந்தது. கடைசி வரிசைவரை தெரிந்தது.

 பிறகு துலுக்காணம் எழுந்தார்.

"எங்க தாத்தன் சும்மாவா சொன்னான், காலனித் தண்ணி நமக்கு ஆவாதுன்னு?"

"உங்க தாத்தன்கிட்ட இந்தப் பொடி இருந்துச்சா?" என்றேன்.

எங்கள் பக்கம் நாலு பேர் சிரித்தார்கள். ரூபன் சார் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

நைனா எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. "தண்ணி இன்னா பண்ணும்? காலனி இன்னா பண்ணும்? கம்பெனி மண்ண கொட்டுனது நானு. நல்ல மண்ணுன்னு கொட்டுனேன். திட்டுறதுன்னா என்னத் திட்டுங்க" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை யாரும் திட்டவில்லை.

அப்போது சுகந்தி கேட்டாள். எழுந்திருக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

"தணிகை. உனக்கு எப்பத் தெரியும்?"

"ரிப்போர்ட் நேத்து..." என்று ரூபன் சார் தொடங்கினார்.

"உங்களக் கேக்கல சார். இவனக் கேக்கறேன்."

நேற்று என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. மேசைமேல் இரண்டு குழாய் இருந்தது. அவள் கையில் வளையல் முழங்கை வரை இருந்தது. அம்மா போட்டது எது என்று தெரியவில்லை. பச்சையில் நிறைய இருந்தன.

"பதினஞ்சு நாளா" என்றேன்.

கோவிந்தம்மா பேனாவை மேசைமேல் வைத்தார். எறியவில்லை. வைத்துவிட்டு மகளைக் கைப்பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் பின்னாலேயே ஊர்ப்பக்கம் முழுக்க எழுந்தது. இந்தத் தண்ணீரால் வரும் நோய்கள், அறிகுறிகள், செய்யவேண்டியவை என்று பதினோரு தாள் வைத்திருந்தேன். காலனிக்கு மட்டும் படித்தேன்.

அம்மா கூட்டத்துக்கு வரவில்லை என்று நினைத்திருந்தேன். வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

மார்ச் 6, புதன்

குடம்: 0.

மார்ச் 7, வியாழன்

பஞ்சாயத்து லாரி வந்தது. ஊரில் ஒரு நடை, காலனியில் ஒரு நடை. இரண்டு வரிசை.

கிணற்றுக்கு மேல் தகரம் போட்டு மூடினேன். கயிற்றைச் சுருட்டினேன். வாளியை என்ன செய்வது என்று தெரியவில்லை. கேன் சீலை உடைத்தேன். ரேடியோவைத் தரையில் வைத்தேன்.

அம்மா பேசுகிறாள். சோறு போடட்டுமா, சட்டையைக் கழற்று, லாரி வந்ததா. வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லலாம்.

மார்ச் 9, சனி

காலையில் டங் டங் என்று சத்தம். நைனா கடப்பாரையால் மேடையை உடைத்துக்கொண்டிருந்தார். உடைக்க உடைக்க உள்ளே மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. தூசி.

"நிறுத்து நைனா. மூக்குல போவும்."

"போவறதுக்கு அங்க இன்னாடா பாக்கி கீது?" என்றார்.

கடப்பாரையைப் பிடுங்கினேன். அதை எங்கே கொட்டுவது என்று யாருக்கும் தெரியாது. ஈரச் சாக்கைப் போட்டு மூடச் சொல்லி மேடம் போனில் சொன்னார். ஆய்வுக்குழு வரும், தேதி பிறகு. கிணற்றடிப் போட்டோவை ஆண்டறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்களாம்.

மார்ச் 13, புதன்

சுகந்தி வந்தாள். தனியாக. கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். கிணற்றுப் பக்கம் பார்க்கவில்லை. வாசலில் நின்றாள்.

"எங்க வீட்டு போர் தண்ணி. லாரி ரெண்டு நாளா வரல. இதப் பாரு. பேனாவுல வேணாம். அந்த வயலட்டுல பாரு."

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போனேன். ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலன்னாங்க. இதெல்லாம் ஸ்கேன்ல தெரியாதுன்னும் சொன்னாங்க. நீ இன்னா சொல்ற?"

"உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

"பதினஞ்சு நாள் முன்னாடி சொல்லியிருந்தா?"

"அப்பவும் உறுதியா சொல்லியிருக்க முடியாது. ஆனா நீ குடிக்காம இருந்திருப்ப."

"ஏன் சொல்லல?"

எழுதி வைத்திருக்கிற காரணம் எல்லாம் வாய்வரை வந்தது. லேப், முறை, ரூபன் சார். எதையும் சொல்லவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள். சத்தம் கேட்கிற தூரம்தான்.

"அம்மாவ பந்தியில உக்கார வெச்சீங்க" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். 

அமிலம் இரண்டு சொட்டு, பொடி. பத்து நிமிடம். அவள் உட்காரவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டேன், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவது நிமிடம் அம்மா வந்தாள். பழக்கத்தில் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். கொண்டுவந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நடுவில் நின்றுவிட்டாள்.

"கேன் தண்ணிதான்மா" என்றாள்.

சுகந்தி தம்ளரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"தாகமில்ல" என்றாள். பச்சையம்மா என்றும் சொல்லவில்லை, அக்கா என்றும் சொல்லவில்லை.

விஷ பயமா, கோபமா, பழைய தீட்டா, எதற்காகச் சொன்னாள் என்று தெரியவில்லை. எந்தப் பொடி போட்டாலும் இது ஊதாவாகாது.

பத்து நிமிடம் ஆயிற்று. குழாயில் நிறம் இல்லை. தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். "இதுல உப்பு ஜாஸ்தி. அந்த விஷம் இல்ல. காய்ச்சினாலும் உப்பு போவாது, லாரி வர்ற வரைக்கும் கேன் வாங்கிக்க" என்றேன். "எழுதிக் குடு" என்றாள். தேதி, எண், கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். இரண்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அம்மா இன்னும் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். தெரு முனை திரும்பும்வரை பார்த்தாள். பிறகு அந்தத் தண்ணீரை அவளே குடித்தாள். ஒரே மடக்கில், அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல்.